ஞாயிற்றுக்கிழமை நகல்

வால்பாறையில் ஆடி மாதம் ஜன்னலுக்கு வெளியே இருப்பது மலையா மேகமா என்று மதியம்வரை தெரியாது. அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வெள்ளைதான். அதன் நடுவே ஒரு நீளமான மரப்பெஞ்சு. பெஞ்சின் மறுகோடியில், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நத்தர்ஷா பாய்.

இதை நினைவிலிருந்து எழுதுகிறேன். என் நினைவு என் வலது காதுக்குப் பின்னால், புளியங்கொட்டை அளவுள்ள ஒரு கருவியில் இருக்கிறது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நீளமானது. நாங்கள் ஏடு என்போம். ஊரெல்லாம் பரவிய காய்ச்சலில் பிழைத்தவர்களுக்கு மூளையில் புதிதாக எதுவும் தங்கவில்லை. பழையதும் ஓரங்களிலிருந்து கரையத் தொடங்கியிருந்தது. மிச்சமிருந்ததை அவசர அவசரமாக ஏட்டுக்கு மாற்றி, இனி நடப்பதையும் அதிலேயே எழுதும்படி செய்தார்கள். எனக்குக் காய்ச்சலின் ஒன்பதாம் நாள் ஏடு பொருத்தினார்கள். பதினோராம் நாள், அதே ஆஸ்பத்திரியில், என் கணவர் நாச்சிமுத்து இறந்துபோனார். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். நான் பொள்ளாச்சிக் கிளை நூலகத்தில் வேலை பார்த்தவள்.

பிழைத்தவர்களில் நூற்று நாற்பது பேரை வால்பாறைக்குக் கொண்டுவந்து எஸ்டேட் வீடுகளில் வைத்தார்கள். குளிர் ஏட்டுக்கு நல்லதாம். மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில், இலை வாட்டும் மாடியில், எங்கள் நிலையம் நடந்தது. ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் எல்லோருடைய ஏட்டையும் நகல் எடுப்பார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் பெஞ்சில் காத்திருப்பு.

அந்தப் பெஞ்சில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. நகலுக்குப் போகுமுன் அவரவர் தங்கள் செத்துப்போனவர்களை ஒருதரம் நன்றாக நினைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அடியில் கிடப்பது நகலில் சரியாக விழாது, மேலே எடுத்துத் துடைத்து வைத்தால்தான் தெளிவாக விழும் என்று நம்பினோம். சொல்லாமல் உள்ளே போனவர்கள் வாசலிலிருந்து திரும்பி வந்து, அவசரமாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

"டீச்சரம்மா, இன்னிக்கு உங்க டிரைவரு எந்த வளைவுல நிக்கிறாரு?" என்று பாய் ஆரம்பிப்பார். என் கையில் எப்போதும் ஒரு புத்தகம் இருப்பதால் நான் அவருக்கு டீச்சர். இல்லையென்று இரண்டு முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

"பதிமூணுங்க பாய். எறங்கறப்ப."

"பிரேக்கு புடிக்குதா?"

"உங்களுக்கு எல்லாமே வெளையாட்டு. சீட்டியடிச்சுக்கிட்டே திருப்புவாரு. எதுக்கால வர்ற வண்டிக்கு ஹாரனே வேண்டாம், அந்தச் சீட்டி போதும்."

"நல்ல மனுசன். இருந்திருந்தா ஒரு தேக்சா பிரியாணி போட்டுருப்பேன்."

அவர் கம்பத்தில் கல்யாணங்களுக்குச் சமைத்தவர். மனைவி சுலைகா காய்ச்சலின் முதல் வாரத்திலேயே போய்விட்டாள். பிறகு அவர் முறை. சொல்லச் சொல்ல அவர் குரல் தணியும். "சுலைகா குரல ஒசத்தி நான் கேட்டதில்ல டீச்சரம்மா. வீட்டுல அவ இருக்காளா இல்லையான்னே தெரியாது. மல்லியப்பூ எங்க இருக்குன்னு வாசம்தான சொல்லும், அப்படி." மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்து எங்கள் கால்களைச் சுற்றிக்கொள்ளும். சுலைகா அதன் வழியாக நடந்துபோவதுபோல எனக்குத் தோன்றும். இப்படி மூன்று வருடம்.

மூன்றாவது வருடம் வைகாசியில் பாய் நின்றுபோனார்.

அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். "இன்னிக்குச் செவ்வாதான டீச்சரம்மா?" என்றார். புதன் என்றேன். சிரித்தார். கால் மணி நேரம் கழித்து, "இன்னிக்குச் செவ்வாதான?" என்றார். வியாழன், வெள்ளி, சனி எல்லாம் அவருக்குச் செவ்வாயாகவே இருந்தன. பழையதெல்லாம் சொன்னார். புதிதாக எதுவும் உள்ளே போகவில்லை. சாப்பிட்டதை மறந்து மறுபடி சாப்பிட உட்கார்ந்தார். அந்த முகத்தில் வருத்தமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நிலையத்தில் ஏடுகளைப் பார்த்துக்கொண்டவள் ஜெசிந்தா. எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், முப்பது வயதிருக்கும். கோயம்புத்தூர் தலைமை நிலையத்துக்குப் போன் போட்டு, அவர்கள் சொன்னபடி ஏதோ செய்தாள். ஞாயிறு காலை பாய் கண்ணைத் திறந்து, "என்னா குளுரு" என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

இரண்டு மாதம் கழித்து அவள் என்னைத் தனியாக மாடிக்குக் கூப்பிட்டாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, நாங்க ஒரு தப்புப் பண்ணிட்டோம்."

"என்ன கண்ணு?"

"பரீச்சையில ஓரத்துல ரஃப் ஒர்க் போடுவோம்ல? போட்டு, அடிச்சு, திருத்தி, அப்பறம் விடைய எழுதுவோம். ஏடும் அப்படித்தான். எது மாறினாலும் முதல்ல லாக்னு ஒரு குறிப்புல எழுதும். முன்ன என்ன இருந்துச்சு, இப்ப என்ன ஆச்சுன்னு. அப்பறந்தான் உள்ள மாத்தும். நாங்க ஞாயித்துக்கிழம எடுக்கறது விடை மட்டுந்தான். முழு பேக்கப் எடுத்துட்டா லாக் தானா காலியாயிரும்னு நெனச்சோம். ரெஜிஸ்டர்ல 'லாக் காலி'ன்னு வாராவாரம் டிக் பண்ணினோம். அது காலியாகவே இல்லக்கா. லாக்குக்குத் தனியா பேக்கப் எடுத்தாத்தான் அது எடம் விடும். மூணு வருசமா ஒருத்தருக்கும் எடுக்கல."

"நெரம்பினா?"

"ரஃப் ஒர்க் போட எடமில்லன்னா விடையும் எழுத முடியாது. பாய் மாதிரி நின்னுரும்."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன். "எனக்கு எவ்வளவு நாள்?"

"அஞ்சு. மத்தவங்களுக்கு இன்னும் எடமிருக்கு. நீங்களும் பாயும்தான் ரொம்ப எழுதியிருக்கீங்க."

"நாங்க என்ன எழுதினோம்? பெஞ்சுல உக்காந்து பேசறதுதான்."

"அதாங்க்கா." அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். வரிசை வரிசையாகத் தேதிகள். "ஒரு விசயத்த நெனச்சா ஏடு அத எடுத்து, நீங்க நெனச்ச மாதிரியே திருப்பி எழுதுது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். நீங்க அண்ணனப் பத்தி மூணு வருசமா வாராவாரம் சொல்லியிருக்கீங்க. அந்த ஆஸ்பத்திரி நாள் மட்டும் நூத்தி அம்பது தடவைக்கு மேல மாறியிருக்கு."

வெளியே தேயிலைச் சரிவு தெரிந்து மறைந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னோம். சொல்லிச் சொல்லித் தேய்த்திருக்கிறோம்.

"அவர் கையப் புடிச்சுக்கிட்டு இருந்தேன் கண்ணு. கடைசி வரைக்கும்."

அவள் திரையில் விரலை நகர்த்தினாள். "அண்ணன் சீட்டியடிப்பாராக்கா?" என்றாள்.

"வளைவுக்கு வளைவு."

அவள் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். நாங்கள் வால்பாறைக்கு வந்த ஐந்தாவது ஞாயிறு, காலை ஒன்பது நாற்பது, இடம் பெஞ்சு. அதற்கு முன் என் கணவரைப் பற்றி எழுதியிருந்ததில் சீட்டி என்று ஒன்று இல்லை. அன்று பெஞ்சில் பாய் சொல்லிக்கொண்டிருந்தது, கல்யாணமான புதிதில் தெருமுனையிலேயே சீட்டியடித்து சுலைகாவுக்குத் தான் வருவதைத் தெரிவித்தது பற்றி.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகும் வழியில் மழை பெய்ததா என்று தெரியவில்லை. புடவை நனைந்திருந்தது. நினைவில் என் கணவர் வண்டியைத் திருப்புகிறார், உதடு குவிந்திருக்கிறது, சீட்டி கேட்கிறது. நான் சத்தத்தை எடுத்துவிடப் பார்த்தேன். எடுத்ததும் முகமும் கூடவே மங்கியது. பயந்துபோய்த் திரும்ப வைத்துவிட்டேன்.

மறுநாள் பாயையும் கூட்டிக்கொண்டு போனேன். ஜெசிந்தா அவரிடம் உண்மையைச் சொன்னாள்.

"அப்ப எனக்கு என்னம்மா பண்ணினீங்க?"

"லாக்கை எடுத்து வைக்காமலே அழிச்சிட்டோம் பாய். வேற வழி தெரியல."

"பழைய பேக்கப்பு இருக்குமே? மொத வருசத்து ஞாயித்துக்கெழம?"

"எடமில்லன்னு பழசு மேலயே புதுச எழுதிட்டோம்."

பாய் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி. சுலைகா கடைசியா எப்படி இருக்காளோ அப்படியே இருந்துட்டுப் போறா. பூவாத்தான இருக்கா. கெட்டா போயிட்டா?" ஆனால் அதைச் சொல்லும்போது அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

என் லாக்கை முழுதாக எடுத்து வைக்கும் இயந்திரம் கோயம்புத்தூரில்தான் இருந்தது. அங்கே வரிசை ஆறு மாதம் நீண்டிருந்தது. எனக்கோ நான்கு நாட்கள் இருந்தன; பாய்க்குச் செய்ததுபோல சனிக்கிழமை அழித்தே ஆகவேண்டும். ஜெசிந்தா ஒரு வழி சொன்னாள். அழிப்பதற்கு முன் ஒரே ஒரு துண்டை என் வழியாகவே ஓடவிடலாம். நான் படுத்திருப்பேன், அந்த நேரம் என்ன கேட்டேனோ, என்ன பார்த்தேனோ, அது என் வாய் வழியாக வரும். அவள் போனில் பதிவு செய்துகொள்வாள்.

"ஒண்ணுதானா?"

"படிக்கறதும் எழுத்துதாங்க்கா. மிச்சம் இருக்கற எடத்துல ஒரு மணி நேரம்தான் ஓடும். அண்ணனோட கடைசி நாள் எடுத்துரலாம். நீங்க எந்த மணியின்னு மட்டும் சொல்லுங்க."

இந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னலில் நீர் வழிந்துகொண்டிருந்தது. பாய் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். என் மனம் முழுக்க அவர்மேல் இரக்கம். என்னிடம் என் கணவர், சீட்டியோடோ இல்லாமலோ, இருக்கிறார். சுலைகாவின் முதல் உருவம், முதல் ஞாயிறு பாய் சொல்லி நான் கேட்டபடி, உலகத்தில் இப்போது ஒரே இடத்தில்தான் இருக்கிறது, என் காதுக்குப் பின்னால். அது சனிக்கிழமை அழிந்துவிடும். நான் தெளிவாகச் சொன்னேன்: "எங்க வீட்டுக்காரரு வேண்டாம் கண்ணு. முதல் ஞாயித்துக்கிழம பெஞ்சு. பாய் பேசினது."

"உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று பாய் கத்தினார். "எம் பொஞ்சாதியக் கேட்டா உங்க புருசன் என்ன ஆவாரு?"

"அவரு டிரைவருங்க பாய். எப்படியும் வந்து சேருவாரு."

சனிக்கிழமை காலை படுத்தேன். அந்த ஒரு மணி நேரம் என்னிடம் இல்லை. அன்று எழுதப்பட்டது அன்றே லாக்கோடு அழிந்துபோனது. ஜெசிந்தாவின் போனில் மட்டும் இருக்கிறது. பிற்பாடு கேட்டேன். என் குரல்தான், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல. வார்த்தைகள் பாயுடையவை.

"எட்டு மாசமா எங்கிட்டப் பேசல அவ. அவ வாப்பா நட்ட பலாமரத்தக் கேக்காம வெட்டிட்டேன். மண்டபத்துக்கு வெறகு பத்தல, என்ன பண்ண? அன்னிலேர்ந்து பேச்சு நின்னுச்சு. தட்ட வச்சா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், அப்படி வைப்பா. ஏதாவது சொல்லணும்னா செவுத்தப் பாத்துச் சொல்லுவா. 'செவுரே, இந்த மனுசன் நூறு தேக்சா எறக்குவாரு, ஒரு கொடைய ஒழுங்கா மடக்கத் தெரியாது.' ஆஸ்பத்திரியில மூச்சு வாங்குது, அப்பவும் செவுத்தப் பாத்துத்தான்: 'செவுரே, அவரு சாப்டாரான்னு கேளு.' சாப்டேன்டீ-ன்னேன். அவ்வளவுதான். மௌத்தாயிட்டா. மரத்தப் பத்தி மன்னிச்சாளா இல்லையான்னு தெரியல."

பதிவில் அதற்குப் பிறகு ஒரு சத்தம் வருகிறது. முதலில் இருமல் என்று நினைத்தேன். பாய் சிரிக்கிறார். சிரித்து, மூச்சு முட்டி, அழுது, மறுபடி சிரிக்கிறார். "இவதான். யா அல்லா, இவதான்! எங்கடீ போன இத்தன நாளா? மூணு வருசமா யாரையோ வச்சு அழுதுக்கிட்டு இருந்திருக்கேன். நீ எங்க பூ? நீ தீக்கட்டையில்ல?" ஜெசிந்தா "பாய், மெதுவா" என்கிறாள். அத்தோடு பதிவு முடிகிறது.

அதன்பின் நிலையத்தில் எல்லாம் ஒழுங்காயிற்று. ஞாயிறு முழு நகல், தினமும் லாக்குக்குத் தனி நகல். அந்த நகல்கள் கோயம்புத்தூரில் தொண்ணூறு நாள் இருக்கும், பிறகு அழிப்பார்கள். ஏன் நினைவு தேய்ந்தது என்பதையும் ஜெசிந்தா எல்லோருக்கும் எடுத்துச் சொன்னாள். பெஞ்சில் பேச்சு குறைந்தது. மக்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மேகத்தைப் பார்த்தார்கள். பாய் சுலைகாவைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. "தொடமாட்டேன் டீச்சரம்மா. தொட்டா மறுபடி பூவாயிருவா."

ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும், புதிதாக யாராவது பெஞ்சில் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும், என் பக்கம் திரும்பிச் சொல்வார்: "இந்த அம்மா யாருன்னு தெரியுமா? தம் புருசன வேண்டாம்னுட்டு எம் பொஞ்சாதிய மீட்டுக் குடுத்தவங்க. எரக்கத்துல பண்ணினாங்க. ஒரு நிமிசம் யோசிக்கல."

"போதும் பாய், காது புளிச்சுப்போச்சு."

"புளிக்கட்டும். நல்லாப் புளிக்கட்டும்."

நானும் அந்த இடத்தை நினைத்துப் பார்ப்பேன். ஜன்னலில் வழியும் நீர், அவர் முதுகு, என் இரக்கம். அவர் சொல்லும்போதெல்லாம் அது துலங்கும். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படிப் போயிற்று.

போன கார்த்திகையில் பாய் தூக்கத்திலேயே போய்விட்டார். கம்பத்திலிருந்து அவர் மகள் பர்வீன் வந்திருந்தாள். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்து ஒரு புத்தகத்தை நீட்டினாள். மேற்குமலைப் பறவைகளைப் பற்றிய என் பழைய புத்தகம். என் லாக்கை அழித்த வாரத்தில் அவருக்குப் படிக்கக் கொடுத்தது.

"அத்தா இத யார் கையிலயும் குடுக்கக் கூடாது, தான் போனப்பறம் உங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க ஆன்ட்டி."

உள்ளே ஒரு நூலகச் சீட்டு இருந்தது. ஓரங்கள் அழுக்கேறி, மடித்து மடித்து மெலிந்திருந்தது. பக்க அடையாளமாக வைத்திருக்கிறார் போலும். என் கையெழுத்து. லாக் அழித்த மறுநாள் தேதி.

'பாய், நேற்று நீங்கள் எனக்குக் கும்பிடு போட்டீர்கள். வேண்டாம். நான் உங்களுக்காகச் செய்யவில்லை. அவர் கடைசி நாளைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. நான் அப்போது அங்கே இருக்கவில்லை என்று வந்துவிடுமோ என்று பயம். அதனால் உங்களுடையதைக் கேட்டேன். இதைச் சொல்லாமல் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார முடியாது.'

நான் எழுதியிருக்கிறேன். கொடுத்திருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை.

புத்தகத்தோடு ஜெசிந்தாவிடம் ஓடினேன். அவள் சீட்டைப் படித்தாள். நெடுநேரம் திரையில் தேடினாள்.

"அந்த வாரத்து லாக் எப்பவோ அழிச்சாச்சுக்கா. இப்பல்லாம் கரெக்டா நடக்குது. பழசு எதுவுமே இருக்காது."

"பாய்க்குத் தெரிஞ்சிருக்கு, கண்ணு."

"மொத வாரமே தெரிஞ்சிருக்கு." அவள் சீட்டைத் திருப்பித் தந்தாள். "சொல்லச் சொல்ல மாறும்னு அவருக்கும் தெரியுமேக்கா. நாந்தான அவருக்குச் சொன்னேன்."

வீட்டுக்கு வந்து அந்தப் பயத்தைத் தேடினேன். இரவுகளில் அது என்னை என்ன செய்திருக்கும், எப்படி விழித்துக்கொண்டு படுத்திருந்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் கிடைக்கவில்லை; சீட்டு எழுதியதுகூட அதோடு தேய்ந்துபோயிருக்கிறது. ஜன்னலில் நீர் வழிகிறது, எனக்கு இரக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான். நூறு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மேல் குளிரில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போட்டிருக்கிறார். எடுத்ததைத் தொலைக்காமல் வைத்திருந்து, தான் போனபின் என் கையில் சேரும்படியும் செய்திருக்கிறார்.

நேற்று ஞாயிறு. பெஞ்சில் என் பக்கத்தில் புதிதாக வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பாயைப் பத்திச் சொல்லுங்களேன், எல்லாரும் சொல்றாங்க" என்றாள்.

"கோச்சுக்காதீங்க," என்றேன். "அவரப் பத்தி நான் சொல்றதில்ல."